மாமா வர்ராரு!

புடவையை முழங்காலுக்கு மேலே ஏற்றி, பின்னால் இழுத்துச் செருகியிருந்தேன். இடது கையில் வலைக் கயிறு. வலது கைக்கு எட்டுகிற தூரத்தில், பனைமரத்தில் சாய்த்து வைத்த ஈட்டி. வாயில் வெற்றிலை. துப்பினால் சத்தம் கேட்குமே என்று சாற்றை அடக்கிக்கொண்டு நின்றேன்.

பங்குனி மாதம். பகல் வெயிலில் காய்ந்த மண் ராத்திரியிலும் உள்ளங்காலில் சுட்டது. காற்று அடித்தால் கடலைச் செடி வாசனை வரும். காற்று நின்றால் ஏரிச் சேற்று வாசனை வரும்.

கொல்லையின் அந்தக் கோடியிலிருந்து தேசம்மாவின் குரல் கேட்டது.

“மாமா வர்ராரு! பச்சே, மாமா வர்ராருடீ!”

அதைக் கேட்டதும் என் கை என்ன செய்தது என்று சொல்வதற்கு முன்னால், அந்த மாமா யார் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பச்சையம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

எங்கள் கொல்லை

போன வாரம் நான் ஊத்துக்கோட்டைச் சந்தையில் மாடு வாங்கின கதையைச் சொல்லியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு பெண், “நீங்கள் பன்றி வேட்டைக்குப் போனதாக எங்கள் அம்மா சொல்கிறார்களே, நிஜமா?” என்று கேட்டு எழுதியிருந்தது. நிஜம்தான். போனேன். சும்மாவும் திரும்பவில்லை.

இப்போது காட்டுப் பன்றியைத் தொட்டால் கேஸ் என்கிறார்கள். அப்போது எங்களுக்கு அப்படி ஒன்றும் தெரியாது. பன்றிக்கும் தெரியாது.

எங்கள் ஊர் ஊத்துக்கோட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், ஏரியை ஒட்டி இருக்கிறது. எங்கள் வீட்டில் அதுவரைக்கும் எல்லாரும் கூலிக்குப் போகிறவர்கள். விடிந்ததும், இன்றைக்கு யார் கொல்லையில் வேலை என்று விசாரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். என் மாமனார் உடம்பு வளைந்து உழைக்கிறவர். அதைப் பார்த்துதான் நிலக்காரர் ஒருவர் ஏரிக்கரையோரம் இருந்த கொல்லையை வாரத்துக்கு விட்டார். விளைவதில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு.

அது எங்களுக்குச் சொந்தமில்லைதான். ஆனாலும் காலையில் மண்வெட்டியைத் தூக்கினால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கால் தானாக அந்தப் பக்கம் நடக்கும். கூலிக்காரியாக இருந்து பார்த்தவளுக்குத்தான் அந்த ருசி தெரியும்.

வேர்க்கடலை போட்டோம். எங்கள் பேச்சில் அதற்குக் கல்லை என்று பேர். காய் பிடிக்கிற நேரம் பார்த்துப் பன்றி வந்தது. கூட்டத்தோடு சேராமல் தனியாகத் திரிகிற ஆண் பன்றி. காலையில் போய்ப் பார்த்தால் ஏர் ஓட்டின மாதிரி இருக்கும். செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் காயை மட்டும் தின்றிருக்கும். மனுஷர்கூட அவ்வளவு சுத்தமாகத் தோலைத் துப்ப மாட்டார்கள்.

முதல் வருஷம் பாதி போயிற்று. பொறுத்துக்கொண்டோம். இரண்டாம் வருஷமும் தொடங்கியது.

என் வீட்டுக்காரர் அப்போது மெட்ராஸ் பக்கம் ஓர் இரும்புக் கம்பெனிக்கு ரயிலில் போய்வந்துகொண்டிருந்தார். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். அவருக்குக் கொல்லை மேல் பெரிய ஆசை கிடையாது.

“உட்டுத் தொல நைனா” என்றார் தன் அப்பாவிடம். “நான் கம்பெனில சம்பாரிக்கறது பத்தலையா? இந்த பேஜாரு நமக்கு எதுக்கு?”

மாமனார் சோற்றுத் தட்டில் கையை வைத்தபடி சொன்னார்:

“வெளஞ்சதுல பாதி தரேன்னு வாக்கு குடுத்துட்டு, அவுரு ஊட்டு வாசல்ல தோலையா கொண்டு போயி கொட்டறது? இன்னொரு தபா அது தோண்டட்டும். விடியக்காலம் போயி, நெலத்த நீயே வெச்சிக்க சாமின்னு சொல்லிட்டு வந்துர்றேன்.”

அவர் சொன்னால் செய்கிறவர். நான் பானையைக் கழுவிக் கவிழ்த்தேன். விடிந்ததும் அற்புதத்தைத் தேடிக்கொண்டு போனேன்.

ஏரியில் சுறா

அற்புதம் என் வயசுக்காரி. வேதக்கார வீட்டுப் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவள். பழவேற்காட்டிலிருந்து எங்கள் ஊருக்கு வாழ வந்தவள். கயிற்றில் அவள் ஒரு முடிச்சுப் போட்டால், போட்டவள்தான் அவிழ்க்க வேண்டும். அவளுடைய அண்ணன் கடலுக்குப் போகிறவர். அவரிடம் இற்றுப்போன பெரிய வலை ஒன்று இருந்தது. அதை வாங்கி வந்து, இரட்டையாக மடித்து, ஓரத்தில் மாட்டுக் கயிறு கோத்துத் தைத்தாள்.

தேசம்மா எங்களைவிட மூத்தவள். தொண்டை பெரிசு. அவள் இங்கிருந்து கூப்பிட்டால் பெரியபாளையத்தில் பஸ் நிற்கும் என்பார்கள். இருட்டில் பூனை மாதிரிக் கண்ணும் தெரியும்.

நாங்கள் வலையைத் தெருவில் விரித்துத் தைப்பதைப் பார்த்துவிட்டு சைக்கிள் கடைக்காரர் கேட்டார்:

“இன்னாம்மே, ஏரில சொறா கீதா?”

“கீது” என்றாள் தேசம்மா. “உனுக்கு வாலு வேணுமா, துடுப்பு வேணுமா?”

ஒரு காலத்தில் எங்கள் ஊர் ஆண்கள் நாய், ஈட்டி, வலை எல்லாம் எடுத்துக்கொண்டு பெரிய கூட்டமாகப் பன்றி வேட்டைக்குப் போவார்கள். பெண்களுக்கு அதில் ஒரே வேலை, மிளகாய் அரைத்து வைப்பது. பன்றி கிடைக்காமல் திரும்பினால், மிளகாயை எதற்கு அரைத்தாய் என்று எங்களைத்தான் திட்டுவார்கள். பிறகு கம்பெனி வேலை வந்தது. பாதிப் பேர் ஷிப்டில் இருப்பார்கள், பாதிப் பேர் ஷிப்ட் முடிந்து தூங்குவார்கள். ஒருவரை எழுப்பினால் ஒருவர் இருக்க மாட்டார். நாய்கள்கூட வேட்டையை மறந்து டீக்கடை வாசலில் படுத்துவிட்டன.

ஈட்டிக்கு நான் எங்கேயும் போகவில்லை. வீட்டுக் கதவுக்குத் தாழ் போட என் வீட்டுக்காரர் கொண்டுவந்து போட்டிருந்த இரும்புக் கம்பி இருந்தது. கொல்லரிடம் கொடுத்து முனை அடித்து வாங்கி, மூங்கிலில் சொருகிக் கட்டினேன். பெண்கள் ஈட்டியைத் தொட்டால் வெள்ளாமை விளங்காது என்பது என் மாமனாரின் எண்ணம். அதனால் அதை வைக்கோல் போரில் ஒளித்து வைத்தேன். டின் தட்டிக் காவல் இருக்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன். டின்னும் தட்டினோம், அதில் பொய் இல்லை.

மச்சான் ஆகாது

வேட்டைக்குக் கிளம்பிவிட்டால் பன்றியைப் பன்றி என்று சொல்லக் கூடாது. அது எங்கள் பக்கத்து வழக்கம். பேரைச் சொன்னால் அதன் காதில் விழும், வந்த வழியை மாற்றிக்கொள்ளும் என்பார்கள். ஆண்கள் அதற்கு மச்சான் என்று பேர் வைத்திருந்தார்கள். மச்சான் வரான், மச்சான் திரும்பிட்டான், மச்சானைக் குத்து. கேட்காமல் வீட்டுக்குள் வந்து சாப்பிட்டுப் போகிறவன் மச்சான்தானே?

நாங்கள் மூன்று பேரும் வரப்பில் உட்கார்ந்து பேசினோம். ஆண்கள் வைத்த பேர் எங்களுக்கு ஆகாது.

“என் மச்சான் ஊட்ல குறட்ட உட்டுக்கினு கீறான்” என்றாள் தேசம்மா. “ராத்திரில கொல்லைல குந்திக்கினு மச்சான் வரான், மச்சான் வரான்னு நான் கத்தினா, ஊரு இன்னாடி பேசும்?”

அற்புதத்துக்கு இந்தப் பேர் விஷயமே பிடிக்கவில்லை.

“எங்க வனத்து அந்தோணியாரு காலாண்டயே பன்னி குந்திக்கினு கீது. அவுரு ஒண்ணும் பேரு மாத்தி கூப்புடல.”

“அவுரு கல்ல போடலடி” என்றேன் நான். “போட்டிருந்தா தெரியும்.”

கடைசியில் தேசம்மாதான் சொன்னாள். “மாமான்னு வெச்சிக்கலாம். எப்ப வருவாருன்னு தெரியாது. வந்தா எதையும் மிச்சம் வெக்க மாட்டாரு.”

அவளுடைய மாமனார் பொதட்டூர்பேட்டையில் இன்னொரு மகன் வீட்டில் இருந்தார். அற்புதத்தின் மாமனார் காலமாகி ரொம்ப நாள் ஆகிவிட்டது. ஒரே வீட்டில் மாமனாரோடு இருந்தவள் நான் ஒருத்தி. தெருவில் வாழ வந்த பெண்கள் எல்லாருமே அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். அது அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டோம்.

ஒதுங்கி நின்றேன்

கொல்லையைச் சுற்றி முள்வேலி. ஏரிப் பக்கம் ஓர் இடத்தில் மட்டும் பன்றி வேலியைப் பிரித்து வழி பண்ணி வைத்திருந்தது. வேலிக்கு வெளியே, இரண்டு பக்கமும் கருவேலம் புதர் அடர்ந்த ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதைதான் ஊருக்கும் வரும்.

யோசனை என் யோசனை. பன்றி உள்ளே போகும்வரை எல்லாரும் மூச்சு விடக் கூடாது. போனதும் அற்புதம் டின்னைத் தட்ட வேண்டும். மிரண்ட பன்றி தான் வந்த வழியாகத்தான் திரும்பி ஓடும். அது என் பக்கம் திரும்பியதும் தேசம்மா குரல் கொடுக்க வேண்டும். நான் வழியில் நிற்பேன். வலை தரையில் கிடக்கும், அதன் ஒரு பக்கம் எதிர் ஓரத்துப் பனைமரத்தில் கட்டியிருக்கும், இன்னொரு பக்கத்துக் கயிறு என் கையில். குரல் கேட்டதும் இழுத்தால் வலை எழும்பி வழியை மூடும்.

பன்றி உள்ளே போனது. எனக்குத் தெரிந்தது, கறுப்பாக ஒரு மூட்டை உருண்டு போன மாதிரி. கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறுகிற சத்தமும் காயைக் கடிக்கிற சத்தமும் கேட்டது. கறுக் கறுக்கென்று ஒவ்வொரு காயும் என் பல்லில் கடிபடுகிற மாதிரி இருந்தது. அற்புதம் டின்னைத் தட்டினாள். தேசம்மா குரல் கொடுத்தாள்.

“மாமா வர்ராரு! பச்சே, மாமா வர்ராருடீ!”

என் கை கயிற்றை விட்டது.

இரண்டு கையாலும் செருகலை உருவிப் புடவையைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டேன். முந்தானையை இழுத்துப் போர்த்தினேன். வெற்றிலையை அப்படியே விழுங்கினேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, வழியை விட்டு ஓரமாக ஒதுங்கி நின்றேன். மாமனார் வருகிறார் என்றால் மருமகள் வேறு என்ன செய்வாள்?

வந்தவர் என் காலை உரசிக்கொண்டு போனார். மயிர் தென்னந்துடைப்பம் மாதிரி குத்தியது.

அற்புதம் டின்னும் கையுமாக ஓடி வந்தாள். கிடந்த வலையைப் பார்த்தாள். போர்த்திக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தாள்.

“இன்னாடி, மரியாத பண்ணி அனுப்பிட்டியா? வெத்தல பாக்கு தட்டு எங்க?”

எனக்கு விளங்குவதற்குள் ஒற்றையடிப் பாதையிலிருந்து இன்னொரு குரல் வந்தது.

“ஆமாண்டி, நான்தான் வர்ரேன்! ஒருத்தியும் ஓடக் கூடாது. அங்கியே நில்லுங்க!”

என் மாமனார்.

பேரைச் சொன்னேன்

வைக்கோல் பிடுங்கும்போது ஈட்டியை முன்பே கண்டுவிட்டவர், அன்றைக்கு ராத்திரி அது இருந்த இடம் காலியாக இருந்ததைப் பார்த்திருக்கிறார். லாந்தரை எடுத்துக்கொண்டு எங்களை வீட்டுக்கு இழுத்துப்போக வந்துகொண்டிருந்தார். தேசம்மா கத்தினது அவர் காதிலும் விழுந்தது. இருட்டில் தன்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு பதில் கொடுத்தார்.

அந்தப் பாதையில் ஓர் ஆள் போனால் எதிரே இன்னோர் ஆள் வர முடியாது. அங்கே லாந்தர் ஆடிக்கொண்டு வருகிறது. இங்கே பன்றி அதை நோக்கி ஓடுகிறது. மாமனாருக்கு முழங்கால் சரியில்லை, சட்டென்று ஒதுங்கக்கூட முடியாது. அந்தப் பன்றியின் கோரைப்பல் என் நடுவிரல் நீளம்.

“மாமா! மாமா!” என்று கத்தினேன்.

“கூப்புடாத, வந்துகினுதான் கீறேன்!” என்றார் அவர். இன்னும் வேகமாக நடந்தார்.

அடடா, இந்தப் பேரை வைத்தோமே! இனிமேல் வழக்கமாவது ஒன்றாவது என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

“பன்னி! பன்னி! பன்னி!”

லாந்தர் அப்படியே நின்றது. பன்றியும் நின்றது. பேரைச் சொன்னால் அது வழியை மாற்றிக்கொள்ளும் என்றார்களே, பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. மாற்றிக்கொண்டது. திரும்பி என்னைப் பார்த்து ஓடி வந்தது.

இந்தத் தடவை எந்த மாமா என்று எனக்குச் சந்தேகம் இல்லை. புடவையை ஏற்ற நேரம் இல்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அற்புதம் கயிற்றின் நுனியை என் கையிலிருந்து பிடுங்கி, என் பக்கத்துப் பனையில் ஒரு சுற்றுச் சுற்றி முடிந்தாள். ஈட்டியின் அடியை மண்ணில் ஊன்றி, மேலே குதிகாலை வைத்து மிதித்துக்கொண்டு, முனையை வலைக்கு நேரே சாய்த்தேன். குத்தப் போகக் கூடாது, அது வந்து விழ வேண்டும். ஆண்கள் பேசிக்கொண்டதை மிளகாய் அரைத்துக்கொண்டே கேட்டுத் தெரிந்துகொண்டது.

வந்து விழுந்தது. வலை கிழிகிற சத்தமும் மூங்கில் தெறிக்கிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன. நான் மல்லாந்து விழுந்தேன். கையை மட்டும் விடவில்லை. அற்புதம் டின்னாலேயே அதன் நெற்றியில் அடித்தாள். கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிட்டது.

மாமனார் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். தேசம்மாவும் வந்தாள்.

“நான் வர்ரத எப்புடிடி கண்ட?” என்றார் தேசம்மாவிடம்.

“உன்ன காணல மாமா.”

“அப்பால யார மாமான்னு கத்துன?”

தேசம்மா தரையில் கிடந்ததைக் கையால் காட்டினாள். “மாமாவத்தான் மாமா.”

அற்புதம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். மாமனார் லாந்தரைத் தூக்கிப் பன்றியைப் பார்த்தார். ஈட்டியைப் பார்த்தார். பனையில் இருந்த முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“யாரு போட்டது?”

“நான்தான் மாமா” என்றாள் அற்புதம்.

“ம்.”

அவ்வளவுதான். கொல்லைக்குள் லாந்தரைக் காட்டினார். நடுவில் ஒரு பாத்தி கிளறிக் கிடந்தது. அன்றைக்கும் அது தோண்டித்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டார்.

காலையில்

விடிந்ததும் ஊரே வந்துவிட்டது. பன்றியை வேப்பமரத்தடியில் கொண்டுவந்து போட்டிருந்தோம். சைக்கிள் கடைக்காரர் சுற்றிச் சுற்றி வந்தார்.

“சொறா நல்ல பெருசுதாம்மே” என்றார்.

என் வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்ட் முடிந்து, டிபன் கேரியரோடு வந்தார். “இன்னாடி இது?” என்றார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் “மாமா” என்றோம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. விளங்கச் சொன்னதும் அவரும் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. வீட்டில் மாமனார் இல்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இருட்டு பிரிவதற்குள் நிலக்காரர் வீட்டுப் பக்கம் போனார் என்று பால்காரர் சொன்னார். ‘இன்னொரு தபா அது தோண்டட்டும்’ என்று சொன்னவர். சொன்னால் செய்கிறவர்.

எங்கள் ஊரில் வேட்டைப் பங்கு போடுகிறவர் அவர்தான். அவர் வராமல் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். எல்லாரும் பன்றியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்தார். உட்கார்ந்தார், கத்தியைத் தீட்டினார். முதலில் தலையை எடுத்தார். முதல் குத்து யாருடையதோ, தலை அவர்களுக்கு. அதை ஒரு தையல் இலையில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். எனக்குத் தலை வேண்டாம் என்றிருந்தது. கொல்லை என்ன ஆயிற்று என்பதுதான் தெரிய வேண்டும்.

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“நெலத்த உடத்தான் போனேன். போற வழியில கொல்லைய ஒரு சுத்து சுத்தி வந்தேன். ஒரு பாத்திதான் போயிருக்குது. மிச்சம் எல்லாம் நிக்குது. நெலக்காரரு வாசல்ல குந்திக்கினு இருந்தாரு. அதுக்குள்ள அவுரு காதுக்கும் போயிருக்குது. ஆடிப் பட்டத்துக்கு இன்னா போடப் போறீங்கன்னு கேட்டாரு.”

“நீ இன்னா சொன்ன?” என்றார் என் வீட்டுக்காரர்.

“மருமவள கேட்டுக்கினு வந்து சொல்றேன்னேன்.”

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். இலையைக் கையில் எடுத்துக்கொண்டேன். நல்ல கனம்.

“கல்லையே போடலாம் மாமா” என்றேன்.

“மறுபடியும் ஒண்ணு வந்துச்சின்னா?”

“வரட்டும்.”